இரண்டு விரற்கிடை

தின்ஷா விற்ற கயாக்கில்
தின்ஷாவின் முதுகு அப்படியே இருந்தது.
பதினோரு வருடம் அவர் சாய்ந்த சாய்வில்
பிளாஸ்டிக் இருக்கை பின்வாங்கி
அவருக்கு மட்டும் பழகிய பள்ளமாகி
என் இடுப்பு வரும் இடத்தில்
கத்தி மாதிரி ஒரு விளிம்பு.

முதல் நாள், மாஹுல் ஜெட்டியிலிருந்து
நானூறு மீட்டர்கூடப் போயிருக்க மாட்டேன்.
திரும்பி வந்து, இறங்க முடியாமல்
சேற்றில் உருண்டு எழுந்தேன்.
இருபத்திரண்டு வருடம் காசோலை அடுக்கிய முதுகு இது.
நாலாவது எலும்புக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே
தட்டு தேய்ந்திருக்கிறதென்று
செம்பூர் டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.
தண்ணீரில் ஏதாவது செய்யுங்கள் என்றார்.
நீச்சலைத்தான் சொல்லியிருப்பார்.

தலையணை வைத்தேன். மிதந்து போனது.
யோகா பாயைச் சுருட்டிக் கட்டினேன்.
துடுப்புப் போடப் போட அது மேலே ஏறி
தோள்பட்டையருகில் வந்து உட்கார்ந்துகொண்டது,
ரயிலில் மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆள் மாதிரி.

அப்புறம்தான் குர்லா. பைப் ரோட்டில்
ஆட்டோவுக்கு சீட் தைக்கும் இர்ஃபான்.
ஃபோனில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு
"மீட்டர் எங்கே வைப்பீங்க?" என்றான்.
சிவப்பு ரெக்சின், மஞ்சள் பைப்பிங்,
ஒரு சின்ன சிம்மாசனமே தைத்துக் கொடுத்தான்.
ஒரு மணி நேரத்தில் அதன் ஸ்பாஞ்சு
கழிமுகத்தில் பாதியைக் குடித்துவிட்டது.
மூன்று நாள் சொட்டியது, டீசல் வாசனையோடு.
செயலாளர் கோர்பட்கர் நோட்டீஸ் ஒட்டினார்:
படிக்கட்டில் படகுச் சாமான்கள் சொட்டக் கூடாது.

இர்ஃபானுக்கு அவமானமாகிவிட்டது.
காசு வாங்க மறுத்து, தாராவி போய்
ஹவாய் செருப்பு வெட்டுகிறவர்களிடமிருந்து
தண்ணீர் குடிக்காத ரப்பர் வாங்கி வந்தான்.
நீலத் தகடு. ஓரமெல்லாம்
யாரோ நடந்து போய்விட்ட
எட்டாம் நம்பர் பாதங்களின் ஓட்டை.

ஞாயிற்றுக்கிழமை பி விங் பார்க்கிங்கில்
இரண்டு ஸ்கூட்டருக்கு நடுவே, தரையில்,
கயாக்குக்குள் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறேன்.
மேலே கட்டினால் மூச்சு முட்டுகிறது.
கீழே கட்டினால் வால் எலும்பு முனகுகிறது.
வாட்ச்மேன் ராம்சஜீவன் நாற்காலியை அருகில் போட்டுக்கொண்டார்.
"எந்த இடம் மேடம்?" என்று கேட்ட இர்ஃபான்
சாக்கட்டியை நீட்டிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான்.
எந்த இடமென்று எனக்குத் தெரியும்.
பாவாடை நாடா இறுகும் கோட்டுக்கு
ஒரு விரல் கீழே.
சட்டையின் பின்புறம் கையை வளைத்து
கண்ணில் படாத கோடொன்று போட்டேன்.

பள்ளிப்பையின் கொக்கி இரண்டு, இரண்டு பக்கமும்.
ஏறும்போது மடிந்து அடியில் சிக்காமலிருக்க
பின்னால் இழுத்துப் பிடிக்கும் எலாஸ்டிக் கயிறு.
எல்லாம் கட்டிய பிறகு சாய்ந்தேன்.
வலித்தது.
முன்பு வலித்த அதே இடத்தில், அதே வலி.
இர்ஃபான் பெருமூச்சு விட்டான்.

ராம்சஜீவன்தான், பீடியை அணைத்துவிட்டு,
"காலை எதிலாவது ஊன்றிப் பாருங்களேன்" என்றார்.
மிதிகட்டையை ஒரு பல் முன்னால் தள்ளினேன். ஊன்றினேன்.
கால் தள்ளத் தள்ள
முதுகு தானாக நிமிர்ந்தது.
இப்போது பட்டைக்கும் எனக்கும் நடுவே
இரண்டு விரல் போய் வருகிற இடம்.
அதை இறுக்க வேண்டாம் என்றேன்.
சாய்வதற்காக வாங்கிய பொருளில்
சாயாமல் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த வாரம் மாஹுலில் பாண்டுரங் கோளி
நீல ரப்பரைத் தட்டிப் பார்த்துச் சிரித்தார்.
"எங்க படகுக்கு முதுகே கிடையாது" என்றார்,
மல்லாந்து படுக்கப் பலகை மட்டும் உண்டாம்.
சுத்திகரிப்பு ஆலையின் தீ பகலிலும் எரிந்தது.
சேற்றில் பூநாரைகள் தலைகீழாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தன.
ஒரு மணி நேரம், ஒன்றரை.
அது பின்னால் இருப்பதே மறந்துபோனது.
டேங்கர் ஒன்று தூரத்தில் போய்
அதன் அலை தாமதமாக வந்து தூக்கியபோது
ஒரே ஒரு முறை தொட்டது,
கூட்டத்தில் பின்னால் நிற்பவர்
"விழ மாட்டீங்க" என்பது போல.

இடது கொக்கி மட்டும்
அரை மணிக்கொரு தடவை ஒரு பல் நழுவுகிறது.
இர்ஃபானிடம் சொல்ல வேண்டும்.